அறுபத்து நான்கு பெயர்கள்

1.

கிறிஸ்துவின் சரீரம் நூறு எண்ணம் கொண்ட பாக்கெட் எண்பத்தைந்து ரூபாய். ஐந்து பாக்கெட்டாக எடுத்தால் எழுபத்தைந்துக்கு இறங்குவார்கள். நான் எழுபதுக்கு முடித்திருக்கிறேன். திருவிருந்துக்கான அந்த மெல்லிய வட்ட அப்பத்தை எங்கள் சபைக்கு வாங்கிப்போடும் பொறுப்பு பதினெட்டு வருடங்களாக என்னுடையது. காரைக்கால் கடைத்தெருவில் இரும்புக் கடை வைத்திருப்பவன், ஆண்டவரே விற்க வந்தாலும் கொஞ்சம் குறைத்துத்தான் கேட்பான் என்று நானே மேடையில் சொல்லிச் சிரிக்க வைத்ததுண்டு. இந்தக் கதையில் சிரிப்பு இவ்வளவுதான். மேலும் வந்தால் நான் எதையோ மறைக்கிறேன் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கதை பிறந்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் லுத்தரன் திருச்சபைக்கு முதன்முதலாக ஒரு பெண் பேராயராகியிருக்கிறார். அவர் காரைக்காலுக்கு வந்து திருவிருந்து நடத்தப்போகிறார். அதற்கு ஒரு வரவேற்பு மலர். சபைப் பொருளாளர் நெடுமாறன் கடைக்கு வந்து, ஆணி எடை போடும் தராசுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, பேராயரின் வாழ்க்கையை நாலு பக்கத்தில் எழுதித் தரச் சொன்னார். ஊரில் பாதிக் கண்ணீர் அஞ்சலி பேனர்களுக்கு வாசகம் என்னுடையதுதான். அதனால் என்னை எழுத்தாளன் என்று நினைக்கிறார்கள்.

"உங்களுக்குத்தாண்ணே அவங்களோட பழக்கம். இங்க ஐயரா இருந்தப்ப நீங்கதான செயலாளரு."

ஆமாம். நான்தான் செயலாளர்.

2.

முதல் தொடக்கம்: போலகத்து மண்ணில் பூத்த ஒரு வெண்தாமரை இன்று திருச்சபையின்

(விட்டுவிட்டேன். இது அஞ்சலி பேனர் நடை. அவர் உயிரோடிருக்கிறார்.)

இரண்டாம் தொடக்கம்: பேராயர் ஜூலியட் அவர்கள் போலகத்தில் யாகப்பன் என்பவருக்கு மூன்றாவது மகளாகப் பிறந்தார். தந்தை அரிசி ஆலையில் சாக்குத் தைப்பவர். காரைக்காலில் பட்டப்படிப்பு, பிறகு இறையியல் கல்லூரி. முப்பத்தோராம் வயதில் குருப்பட்டம். முப்பத்தேழாம் வயதில் காரைக்கால் சபைக்கு ஐயராக வந்தபோது சபையார் அவரை மகிழ்ச்சியுடன்

(இங்கே பேனா நின்றது. எங்கள் பக்கத்தில் போதகரை ஐயர் என்போம். ஐயரம்மா என்றால் அவர் மனைவி. ஒரு பெண்ணே ஐயராக வந்து இறங்கியதும் எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் நாங்கள் ஆறு மாதம் அவரைக் கூப்பிடாமலேயே காலம் தள்ளினோம்.)*

* இது வேடிக்கையாகத் தெரியும். வேடிக்கைக்காகத்தான் போட்டேன். உண்மை இதற்கு அடியில் இருக்கிறது. அவர் வந்த முதல் வாரம் சபைச் சங்கம் கூடியபோது, போலகம் என்றதும் ஒருவர், "போலகத்துல எந்தத் தெரு?" என்று கேட்டார். பதில் தெரிந்ததும் ஒருவர் எழுந்து போய் மின்விசிறியைக் கூட்டி வைத்தார். அதன்பிறகு எல்லோரும் 'பெண்' என்ற காரணத்தைப் பேசினார்கள். அது வெளியில் சொல்லக்கூடிய காரணம். தெருவைக் கேட்டவர் யார் என்று நெடுமாறன் கேட்டால், நினைவில்லை என்று சொல்வதாக இருக்கிறேன். நான்தான் கேட்டேன்.

3.

எங்கள் வழக்கம் ஒன்றை வெளியார் தெரிந்துகொள்ள வேண்டும். ஞாயிறு திருவிருந்து என்றால் சனிக்கிழமை மாலை நாலு மணியிலிருந்து ஆறு மணிக்குள் கோயில் பக்கத்து அறைக்குப் போய்ப் பெயர் கொடுக்க வேண்டும். ஐயர் ஏட்டில் எழுதுவார். அந்தக் காலத்தில், யாருடனாவது மனத்தாங்கல் இருக்கிறதா என்று கேட்டு, இருந்தால் போய்ச் சமாதானம் பண்ணிக்கொண்டு வா என்று திருப்பி அனுப்புவார்களாம். இப்போது பெயர் மட்டும்தான். எத்தனை பெயரோ அத்தனை அப்பம் எண்ணி வைப்பார்கள். ஏட்டில் இரண்டு பத்தி: பெயர் கொடுத்தோர், பெற்றோர். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும்.

இன்னொரு வழக்கம் கடைத்தெருவினுடையது. விலை படியாவிட்டால் எழுந்து நடக்க வேண்டும். நிஜமாகவே போகிற மாதிரி. மூன்றாவது எட்டில் கடைக்காரர் கூப்பிடுவார். இதை நான் சின்ன வயதில், அப்பா என்னை வேலைக்கு விட்டிருந்த மரைக்காயர் கடையில் கற்றேன்.

இந்த இரண்டையும் சேர்த்துத் தைத்த ஒருவனைப் பற்றித்தான் கதை. முதல் பிரதியில் அவனுக்கு அறிவுச்செல்வன் என்று பெயர் வைத்திருந்தேன். சபைச் செயலாளர், ஒல்லி, மீசை, வயிற்றுப்புண்காரன். (எனக்கு வயிறும் இல்லை புண்ணும் இல்லை என்று சொல்ல முடியாது. முதலாவது உண்டு.) அறிவுச்செல்வன் ஒரு திட்டம் போடுகிறான். புது ஐயர் வேண்டாம் என்று மனு எழுதினால் தலைமையகம் கோப்பில் செருகிவிடும். ஒரு எண்ணைக் காட்டினால் இறங்கி வரும். யாரும் பெயரே கொடுக்காவிட்டால் அன்று திருவிருந்து இருக்காது, யாருக்கும் உறைக்காது. ஆகவே வீடு வீடாகப் போய்ச் சொல்கிறான்: எல்லோரும் சனிக்கிழமை போய்ப் பெயர் கொடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஒருவரும் எழுந்திருக்கக் கூடாது. ஏட்டில் இரண்டு பத்திக்கும் நடுவே ஒரு பள்ளம் விழும். அந்தப் பள்ளத்தைக் காட்டி ஆண் ஐயர் ஒருவரைக் கேட்கலாம். மூன்றாவது எட்டில் தலைமையகம் கூப்பிடும்.

இதைச் சேக் பரீதிடம் படிக்கக் கொடுத்தேன். எனக்கு எதிர்க்கடை, துணிக்கடை. முப்பது வருடப் பழக்கம். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு படித்தார்.

"ஏன் வில்சனு, இந்த அறிவுச்செல்வன் ஆளு சரியில்லியே."

"கெட்டவனா இருக்கான்னு சொல்றீங்களா?"

"கெட்டவனா இருந்துட்டுப் போறான். இதுல அவனுக்கு என்னா கெடைக்கிது? சம்பளத்துல மிச்சமா, கமிஷனா?"

"ஒண்ணும் கெடைக்கல பாய்."

"ஒண்ணுமே கெடைக்காம ஒரு யாவாரி அறுவது வாசப்படி ஏறி எறங்குவானா? அப்ப இது அந்த ஆளு ஐடியா இல்ல. அவனுக்குள்ள வேற ஏதோ நாறுது. அத எழுதாம மீசைய எழுதி வச்சிருக்கே."

காகிதத்தை மடித்து என் சட்டைப் பையில் அவரே சொருகினார். அது நான்தான் என்று அவருக்கு எப்போது தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. அறிவுச்செல்வனை அன்றே அடித்துவிட்டேன். அவன் இருந்த இடத்தில் எல்லாம் இனி 'நான்' என்று படியுங்கள்.

4.

ஆக, நான். பதினான்கு வருடங்களுக்கு முன், ஒரு சனிக்கிழமை, முதல் ஆளாகப் போய்ப் பெயர் கொடுத்தேன். புது ஐயர் எழுதிவிட்டு நிமிர்ந்து, "சந்தோஷங்க" என்றார். வெளியே வந்து ஒவ்வொருவராக அனுப்பினேன். ஆறு மணிக்கு அறுபத்து நான்கு.

அதில் மூவருக்குத் திட்டம் தெரியாது என்று நினைத்திருந்தேன். கோயிலில் மணியடித்துப் பெருக்கும் கோயில்பிள்ளையின் மனைவி, அரசு மருத்துவமனைக்குப் புதிதாக மாற்றலாகி வந்திருந்த ஒரு நர்ஸ், என் மனைவி எழில்மதி. முதல் இருவரை நாங்கள் கணக்கில் எடுக்கவில்லை. எழில்மதி எப்படியும் என்னைப் பார்த்துத்தான் எழுவாள் என்று விட்டுவிட்டேன்.

ஞாயிறு. பீடத்தில் நின்று அப்பத்தையும் திராட்சரசப் பாத்திரத்தையும் ஆசீர்வதித்துவிட்டு, வாருங்கள் என்று அவர் கையை விரித்தார். ஆர்மோனியம் ஆரம்பித்தது. ஆண்கள் பக்கத்தில் ஒருவரும் அசையவில்லை. பெண்கள் பக்கத்தில் கோயில்பிள்ளையின் மனைவி எழுந்தார். நர்ஸ் எழுந்தார். பிறகு என் மனைவி, முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு, என் பக்கம் திரும்பாமல் போய்ப் பீடத்தைச் சுற்றிய கிராதி முன் மண்டியிட்டாள்.

மூவரும் வாங்கித் திரும்பிய பிறகு அவர் காத்திருந்தார். பாட்டு நான்கு சுற்று வந்தது. ஆர்மோனியக்காரர் நிறுத்துவதா வாசிப்பதா என்று தெரியாமல், நடுவில் ஒரு சுரத்தில் விரலை எடுத்துவிட்டார்.

இந்த இடத்தில்தான் என் கணக்கு தப்பியது. எங்கள் சபையில் ஆசீர்வதித்த அப்பத்தை மறுபடி டப்பாவில் போடக் கூடாது. மீந்ததை ஐயர் அங்கேயே சாப்பிட்டுத் தீர்க்க வேண்டும். வழக்கமாக மிஞ்சுவது இரண்டு, மூன்று. இது எனக்குத் தெரியும். நினைக்கவில்லை. விற்காத சரக்கு திரும்பிப் போகும் என்று பழகியவனுக்கு இது தோன்றவில்லை.

அவர் எங்களைப் பார்த்தபடி ஓர் அப்பத்தை எடுத்து வாயில் இட்டார். மென்று விழுங்கினார். இன்னொன்றை எடுத்தார்.

கைநிறைய அள்ளியிருக்கலாம். ஒவ்வொன்றாகத்தான் எடுத்தார். ஆசீர்வாதம் கூறவில்லை, ஆகவே யாரும் எழுந்து போக முடியாது. இருபதுக்கு மேல் அவருக்கு வியர்த்தது. முப்பத்தைந்தில் இருமினார், இடது கையால் பீடத்தைப் பிடித்துக்கொண்டார். என் பக்கத்தில் இருந்தவர் செருப்பைக் காலால் தேடினார். நான் எண்ணிக்கொண்டிருந்தேன். எண்ணுவது என் கை வழக்கம். நாற்பத்தெட்டு. நாற்பத்தொன்பது. ஒரு ஆள் எழுந்து போயிருந்தால் ஒன்று குறைந்திருக்கும் என்று ஐம்பதாவதில் தோன்றியது. என் தொடை பெஞ்சை விட்டு ஒரு அங்குலம் எழும்பியது என்று

(பொய். எழும்பவில்லை. எழும்பியது என்று எழுத ஆசை.)

அறுபத்தொன்று. பாத்திரத்தையும் குடித்துத் துடைத்து வைத்தார். பிறகு ஆசீர்வாதத்தை ஒரு சொல் விடாமல் கூறினார். வாசலில் நின்று வழக்கம்போல எல்லோருக்கும் கைகொடுத்தார். என் முறை வந்தபோது, "கடை தொறக்க நேரமாயிடுச்சாங்க?" என்றார்.

5.

(இந்தப் பகுதி சுருக்கமாக இருக்கும். வெட்கப்படுகிறவன் தேதிகளை வேகமாகச் சொல்வான்.)

மறுநாள் தலைமையகத்துக்குக் கடிதம் எழுதினேன். 'பெயர் கொடுத்தோர் 64, பெற்றோர் 3. சபையார் ஏற்கவில்லை என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.' நல்ல கையெழுத்து என்னுடையது. ஐந்து வாரத்தில் அவரை மாற்றினார்கள். மூன்றாவது எட்டில் கூப்பிட்டுவிட்டார்கள் என்று நாங்கள் மகிழ்ந்தோம். வந்த ஆண் ஐயர் ஒன்றரை வருடத்தில் வெளிநாடு போய்விட்டார்.

ஜூலியட் ஐயருக்கு ஆறு வருடம் தனிச் சபையே தரவில்லை. காரைக்கால் ஏற்காதவரை எங்கே அனுப்புவது என்று என் கடிதத்தைக் காட்டியே கேட்டார்களாம். மாணவியர் விடுதியில் மேற்பார்வை, பிறகு இறையியல் கல்லூரியில் வகுப்பு. கஜா புயலில் வேதாரண்யம் பக்கம் நாற்பது நாள், கூரை போன வீடுகளுக்கு நடுவே தங்கினார். அதைப் பார்த்தவர்கள்தாம் அவர் பெயரை முன்மொழிந்தது. இரண்டு வாக்கு வித்தியாசத்தில் பேராயரானார்.

6.

மலருக்காக அவரை நேரில் பார்க்கப் போனேன். போகாமல் எழுதியிருக்கலாம். நேரில் போனால் சொல்லிவிடுவேன் என்று ஒரு நம்பிக்கை.

பேராயர் இல்லத்தின் முன்னறையில் அவரே காப்பி கொண்டுவந்து கொடுத்தார். தலை பாதி நரைத்திருந்தது. எழில்மதியை விசாரித்தார். தகரம் என்ன விலை போகிறது என்று கேட்டார். ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கூரை போட வேண்டுமாம். நான் குறித்துக்கொண்டேன். அப்புறம் அவரே ஆரம்பித்தார்.

"அந்த ஞாயித்துக்கெழமைய எழுதுவீங்கல்ல வில்சன் சார்?"

சபையார் சங்கடப்படுவார்கள் என்றேன்.

"சங்கடப்பட ஒண்ணுமில்லீங்க. அன்னிக்கி மத்தியானம் நான் ராஜினாமா எழுதத்தான் உக்காந்தேன். தொண்டை காஞ்சு போயி தண்ணிகூட எறங்கல. ஏட்ட மூடி வைப்போம்னு எடுத்தேன். பாத்தா அறுவத்தி நாலு பேரு. யாரும் யாரையும் கட்டாயப்படுத்தல. அவங்களா வந்து குடுத்த பேரு. அப்பதான் வெளங்குச்சு. மனசுல ஆசைதான். சனிக்கெழம வரைக்கும் தைரியமா இருந்திருக்காங்க, மறுநாள் ஒருத்தர ஒருத்தர் பாத்து எந்திரிக்கப் பயந்துட்டாங்க. பயந்தவங்கள விட்டுட்டு எப்டிங்க போறது?"

வேதாகமத்திலிருந்து நான்காக மடித்த தாள் ஒன்றை எடுத்தார். மடிப்புகளில் ஒட்டுநாடா போட்டிருந்தது. அறுபத்து நான்கு பெயர்கள், ஏட்டிலிருந்த வரிசையில். தினம் காலையில் நான்கு பெயர் வீதம் ஜெபிக்கிறாராம். பதினாறு நாளில் ஒரு சுற்று. இறந்தவர்கள் பெயருக்குப் பக்கத்தில் சின்னச் சிலுவை. பட்டியலில் முதல் பெயர் என்னுடையது.

"மொதல்ல வந்தது நீங்கதான். அது எனக்குப் பெரிய பலம். கடிதம்கூட சங்கம் சொல்லித்தான் எழுதியிருப்பீங்க, தெரியும். அவங்க எந்திரிக்காதத எழுதாட்டியும் போவுது, பேர் குடுத்தத எழுதுங்க."

வாசகரே, நான் வாயைத் திறந்தேன். அது வரைக்கும் சரியாகத்தான் நடந்தது. "காப்பில சர்க்கரை கொஞ்சம் தூக்கலுங்கம்மா" என்றேன்.

அவர் சிரித்து, வேறு காப்பி கொண்டுவரப் போனார். தாள் என் முன்னால் மேசையில் கிடந்தது.

7.

இப்போது என் சிக்கல் உங்களுக்குத் தெரியும். அவர் பதினான்கு வருடம் ஒரு தாளின்மேல் நின்றிருக்கிறார். அந்தத் தாளில் இருக்கும் ஆசை நான் வாசல் வாசலாகப் போய்ச் சொல்லிக்கொடுத்த பொய். உண்மையைச் சொன்னால் அதை உருவிவிடுவேன். சொல்லாவிட்டால் அவருடைய ஜெபத்தில் முதல் ஆளாக உட்கார்ந்திருப்பேன். அவருக்காகத்தான் சொல்லவில்லை என்று என்னால் அழகாக வாதாட முடியும். வாதம் எவ்வளவு அழகாக வருகிறதோ அவ்வளவு எனக்குச் சந்தேகம்.

முடிவு ஒன்று: நெடுமாறனிடம் நாலு பக்கம் கொடுத்துவிட்டேன். 'காரைக்கால் ஊழியத்தில் சில சோதனைகளையும் சந்தித்தார்' என்று ஒரு வரி. அச்சாகிவிட்டது. வண்ணப் படத்துடன் நன்றாக வந்திருக்கிறது.

முடிவு இரண்டு: நான் போய்ச் சொல்கிறேன். அவர் கண் கலங்கி மன்னிக்கிறார். (வேண்டாம். அவருடைய மன்னிப்பை நானே எழுதி நானே வாங்கிக்கொள்வது, என் கடைக்கு நானே ரசீது போடுகிற மாதிரி.)

முடிவு மூன்று: அவர் தாளைக் கிழித்துப் பதவியையும் துறந்து (இதுவும் வேண்டாம். ஒரு பெண்ணின் முப்பது வருட உழைப்பு என் ஒரு வார்த்தையில் சரியும் என்று நினைக்க எனக்கு எவ்வளவு திமிர்.)

முடிவு நான்கு: இதை ஒரு கதையாக எழுதிவிடுவது. எழுதிவிட்டேன், படிக்கிறீர்கள். எழில்மதியிடம்தான் முதலில் கொடுத்தேன். அடுப்பைக் குறைத்து வைத்துவிட்டுப் படித்தாள்.

"நாலாம் பகுதியில எனக்குத் திட்டம் தெரியாதுன்னு போட்டிருக்கீங்க."

"தெரியாதுல்ல?"

"அந்த வாரம் பூரா நீங்க அறுவது வீடு ஏறி எறங்குனது எனக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான் எந்திரிச்சேன்."

பதினான்கு வருடத்தில் அவள் இதைச் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. நாலாம் பகுதியில் அந்த வரியை மாற்றி, 'என்று நினைத்திருந்தேன்' என்று சேர்த்தது அதன்பிறகு.

"கதைன்னு போட்டுட்டீங்க. நம்புறவங்க நம்பட்டும், நம்பாதவங்க கதைன்னு விட்டுடட்டும். ரெண்டு பக்கமும் லாபம் உங்களுக்கு. மொதல்ல அவங்ககிட்டப் போயி வாயால சொல்லுங்க."

அவர் கையிலிருக்கும் தாளைப் பற்றிச் சொன்னேன். சொன்னால் அது ஒன்றுமில்லாமல் போய்விடும், பாவம் என்றேன்.

"அந்தத் தாளு அவங்களோடது. வச்சுக்கிறதா கிழிக்கிறதான்னு அவங்க பாத்துப்பாங்க. அத அவங்களுக்கு மிச்சம் பண்ணிக் குடுக்க நீங்க யாரு?"

இதற்குப் பதில் எழுத மூன்று முறை முயன்றேன்.

எழில், நீ சொல்வது

அவருடைய நன்மையைக் கருதியே நான்

சரி.

8.

இன்று சனிக்கிழமை. நாளைக்குத்தான் அவர் இங்கே திருவிருந்து நடத்துகிறார். பேராயர் வரும்போது பெயர் எழுதுவது உள்ளூர் ஐயரின் வேலை. ஆனால் ஏட்டை நானே எழுதுகிறேன் என்று பேராயரே கேட்டு வாங்கிக்கொண்டாராம். நாலு மணியிலிருந்து பக்கத்து அறையில் உட்கார்ந்திருக்கிறார். எழில்மதி ஸ்கூட்டியில் முன்னாலேயே போய்விட்டாள். உங்க பேரையும் குடுத்துடட்டுமா என்று அவள் கேட்கவில்லை.

இப்போது மணி ஐந்தே கால். கடைக்கு ஷட்டர் பாதி இறக்கியிருக்கிறேன். எதிர்க்கடையில் சேக் பரீது மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, பார்க்காத மாதிரி பார்க்கிறார். கோயில் நடக்கிற தூரம்தான். ஆறு மணிக்கு ஏட்டை மூடுவார்கள்.

போனேன் என்று எழுதினால் நீங்கள் என்னைக் கொஞ்சம் மன்னிப்பீர்கள். போகவில்லை என்று எழுதினால் என் நேர்மையை மெச்சுவீர்கள். இரண்டையும் உங்களிடம் வாங்க எனக்கு அருகதை இல்லை. ஆகவே முடிவை எழுதவில்லை. அந்தத் தாள் மேசைமேல் கிடந்தபோது அதில் நான் எண்ணியதையும், ஊர்க்காரனாக எனக்குத் தெரிந்ததையும் வைத்து, இன்றைய தேதிக்கு நிலவரத்தை மட்டும் தருகிறேன்.

பெயர் கொடுத்தவர்கள் 64.
அன்றே வந்து பெற்றவர்கள் 3.
இறந்தவர்கள் 17.
ஊரை விட்டுப் போனவர்கள் 23.
வர வேண்டியவர்கள், என்னைச் சேர்த்து, 21.